செம்பு வாலை: புல்லும் இலையும் வடிக்க வீட்டிலேயே ஒரு கருவி

உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் அத்தர் வடிப்பவர்கள் இன்றும் செம்பு அண்டாவைத்தான் அடுப்பில் ஏற்றுகிறார்கள். பூவையும் நீரையும் இட்டு, மூடியின் விளிம்பைக் களிமண்ணும் பஞ்சும் கொண்டு அடைத்து, ஆவியை மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும் இன்னொரு செம்புக் கலத்துக்குள் இறக்குகிறார்கள். பல்கேரியாவின் கசன்லக் பள்ளத்தாக்கில் ரோஜா எண்ணெய்த் தொழில் வளர்ந்ததும் செம்புக் கலங்களில்தான். நீலகிரியில் தைல இலை வேகும் கொட்டகைகளும் அதே முறையை நம்பியவை. சித்த மருத்துவர்கள் இந்தக் கருவியை வாலை என்கிறார்கள். அதில் வடித்தெடுக்கும் மணநீர் தீநீர். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓமத் தீநீர் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இந்த அத்தியாயத்தில் உருவாகப்போவது 60 செ.மீ. உயரமுள்ள ஒரு செம்புத் தூண், அதன் கீழே 10 லிட்டர் தவலை, பக்கத்தில் ஒரு சுருள் குழாய். தகடு வெட்டவும் பற்றவைக்கவும் ஓரளவு கை பழகியவர் சில வார இறுதிகளில் கட்டி முடிக்கலாம். பழகாதவர் அளவுகளை எழுதிக்கொண்டுபோய்ப் பாத்திரப் பட்டறையில் தகட்டு வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

முதலில் சட்டம்

இந்தக் கருவி இலை, புல், பூ, விதை வடிக்க மட்டுமே. நியூசிலாந்தில் 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் மது வடிப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. தமிழ்நாட்டில் அப்படியில்லை. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி சாராயம் காய்ச்சுவது மட்டுமல்ல, காய்ச்சுவதற்கான கருவியை வைத்திருப்பதும் குற்றம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியான பிறகு தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. எனவே புளிக்கவைத்த எதையும் இந்தத் தவலையில் ஊற்றக் கூடாது. கருவியின் அருகில் வைத்திருக்கவும் கூடாது.

ஆவி போகும் வழி

இட்லிப் பானையில் நடப்பதேதான் இங்கும் நடக்கிறது. கீழே நீர் கொதிக்கிறது; ஆவி துளைத்தட்டு வழியாக மேலேறி, தூணில் நிரப்பிய புல்லை ஊடுருவுகிறது. புல்லின் எண்ணெய்ப் பைகள் வெடித்து, எண்ணெயும் ஆவியோடு சேர்ந்து கிளம்புகிறது. சுருள் குழாயில் இரண்டும் குளிர்ந்து, எண்ணெய் மிதக்கும் மணநீராகச் சொட்டுகிறது.

செம்பைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணங்கள் உண்டு. அது வெப்பத்தை எவர்சில்வரைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகக் கடத்துகிறது. வேகும் இலையிலிருந்து வரும் கந்தகச் சேர்மங்களையும் அது பிடித்துக்கொள்வதால் அவிந்த கீரை வாடை குறைகிறது.

கட்டுமானம் முழுவதையும் ஆளும் விதி ஒன்றே ஒன்றுதான். தவலையிலிருந்து சொட்டு விழும் முனை வரை ஆவியின் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். அந்த வழியில் வால்வு, திருகு மூடி, கவ்வி எதுவும் கூடாது. 1 லிட்டர் நீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் கேட்கும். வழி அடைபட்டால் மூடியும் தூணும் பறக்கும்.

தேவையானவை

- 10 லிட்டர் செம்புத் தவலை, தட்டையான செம்பு மூடியுடன். அடியில் ஒட்டு இல்லாததாக இருக்க வேண்டும்.
- 1 மி.மீ. கனச் செம்புத் தகடு. தூணுக்கு மட்டும் 600 × 324 மி.மீ.; அதன் எடை சுமார் 1.75 கிலோ.
- அரை அங்குல (12.7 மி.மீ.) மென்செம்புக் குழாய், 4.5 மீட்டர். ஏ.சி. உதிரிபாகக் கடையில் சுருளாகக் கிடைக்கும்.
- 3 மி.மீ. செம்புக் கம்பி, ஒரு மீட்டர்.
- காரீயம் இல்லாத பற்றாசு, தண்ணீரில் கரையும் ஃபிளக்ஸ் பசை, கேஸ் டார்ச்.
- தகடு வெட்டும் கத்திரி, அரம், உப்புத்தாள், மரக் கொட்டாப்புளி.
- 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, இரண்டு ரப்பர் குழாய்கள்.
- வடிநீர் முழுவதும் கொள்ளும் கண்ணாடிப் பிரிபுனல், அடர்பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள்.

பற்றாசு வாங்கும்போது ஏமாறக் கூடாது. மின்னணுக் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 60/40 கம்பியில் 40 பங்கு காரீயம். அதில் பற்றவைத்த கருவியிலிருந்து இறங்கும் நீரில் நஞ்சு கலக்கும். வெள்ளீயம் 97, செம்பு 3 என்ற கலவை, அல்லது வெள்ளீயமும் சிறிதளவு வெள்ளியும் சேர்ந்த கலவைதான் வேண்டும். உறையில் காரீயம் இல்லை என்று தெளிவாக அச்சிட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். வெள்ளி கலந்த பிரேசிங் கம்பிகளில் சிலவற்றில் காட்மியம் உண்டு. அவற்றைத் தொடவே வேண்டாம். தவலைக்கு உள்ளே பூச்சு இருந்தால் அது வெள்ளீயமா என்று கடைக்காரரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தகட்டு வேலை

1. தூண்: 600 × 324 மி.மீ. தகட்டை 10 செ.மீ. விட்டமுள்ள மர உருளையின் மேல் வளைத்து, கொட்டாப்புளியால் தட்டி உருட்டுங்கள். 10 மி.மீ. அகலத்துக்கு ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அமர வேண்டும். இரும்புச் சுத்தியல் தகட்டில் குழி விடும், தவிர்க்கவும்.

2. துளைத்தட்டு: 97 மி.மீ. விட்ட வட்டம் வெட்டி, 10 மி.மீ. இடைவெளியில் 3 மி.மீ. துளைகள் இடுங்கள். தூணின் அடிவாயிலிருந்து 60 மி.மீ. உயரத்தில் உள்பக்கம் மூன்று சிறு செம்புக் கொக்கிகள் வைத்தால் தட்டு அவற்றின் மேல் அமரும். அதைப் பற்றவைக்க வேண்டாம். கழுவ எடுக்கும்படி இருக்கட்டும்.

3. கழுத்து வளையம்: 50 × 337 மி.மீ. பட்டையை வளைத்து, உள்விட்டம் 103 மி.மீ. வரும்படி செய்யுங்கள். கீழ்விளிம்பில் 10 மி.மீ. ஆழத்துக்குப் பற்கள் போல் வெட்டுங்கள். மூடியின் நடுவில் துளையிட்டு வளையத்தை நுழைத்து, பற்களை மூடியின் அடியில் வெளிப்புறமாக மடித்தால் அது அசையாமல் நிற்கும்.

4. நிறுத்தம்: தூணின் அடிவாயிலிருந்து 35 மி.மீ. மேலே செம்புக் கம்பியை ஒரு சுற்றுச் சுற்றிப் பற்றவையுங்கள். தூண் கழுத்து வளையத்துக்குள் இறங்கி, கம்பி விளிம்பில் தட்டி நிற்கும்.

5. கூம்பு மூடி: தாளில் 104 மி.மீ. ஆரத்தில் ஒரு வில்லும், அதே மையத்தில் 14 மி.மீ. ஆரத்தில் இன்னொரு வில்லும் வரையுங்கள். 166 பாகைக் கோணத்துக்கு வெட்டி, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அமர ஒரு பக்கம் 10 மி.மீ. கூடுதலாக விடுங்கள். உருட்டினால் 80 மி.மீ. உயரக் கூம்பு கிடைக்கும். உச்சியில் அரை அங்குலக் குழாய் நுழையும். முதலில் அட்டையில் செய்து பார்த்துவிட்டே தகட்டை வெட்டுங்கள்.

6. மூடியின் உறை: 30 × 312 மி.மீ. பட்டையை வளையமாக்கி, கூம்பின் அகன்ற வாயோடு சேருங்கள். இது தூணின் மேல்வாய்க்குள் இறங்கும்.

குறிப்பு: எந்த இணைப்பிலும் மேலுள்ள பாகத்தின் வாய் கீழுள்ள பாகத்துக்குள் செல்ல வேண்டும். அப்போது சுவரில் வழியும் நீர் உள்ளேயே சொட்டும். மாற்றிச் செய்தால் ஒவ்வொரு இணைப்பும் வெளியே கசியும்.

பற்றவைத்தல்

தொடக்கக்காரர்களின் வேலை பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது. அழுக்கும் அவசரமும்தான் காரணம்.

1. சேரும் இரு பரப்புகளையும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்கச் செய்யுங்கள். அதன் பிறகு விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை போதும், பற்றாசு விலகி ஓட.

2. ஃபிளக்ஸை மெல்லியதாகப் பூசி, ஓரங்களைச் சேர்த்துச் செம்புக் கம்பியால் நான்கைந்து இடங்களில் கட்டுங்கள். துத்தநாகம் பூசிய கம்பி வேண்டாம். சூட்டில் அதன் புகை நஞ்சு.

3. சுடரைத் தகட்டின் மேல் ஆட்டிக்கொண்டே சூடேற்றுங்கள். ஓரிடத்தில் நிறுத்தினால் ஃபிளக்ஸ் கருகும்.

4. பற்றாசுக் கம்பியைச் சுடரில் காட்டாதீர்கள். சுடரை விலக்கி, சுட்ட செம்பில் கம்பியைத் தொடுங்கள். சூடு சரியாக இருந்தால் அது தானாக உருகி இடைவெளிக்குள் உறிஞ்சப்படும். துளித்துளியாக உருண்டு நின்றால் செம்பு இன்னும் சூடாகவில்லை.

5. காற்றில் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்தால் ஒட்டு வெடிக்கும்.

6. ஆறியபின் வெந்நீரும் தூரிகையும் கொண்டு ஃபிளக்ஸ் முழுவதையும் கழுவுங்கள். மிஞ்சியது பச்சைக் களிம்பாக மாறும்.

முதலில் தூணின் நீண்ட ஒட்டு, பிறகு கூம்பு, கடைசியில் சிறு வளையங்கள் என்று வரிசை இருந்தால் சுலபம். ஏற்கெனவே பற்றவைத்த இடத்தின் அருகே மறுபடி சூடு காட்டும்போது அங்கே ஈரத்துணி சுற்றுங்கள்.

இந்தப் பற்றாசு 220 முதல் 230 பாகை செல்சியஸ் வாக்கில் உருகும். நீராவி 100 பாகையைத் தாண்டாததால் ஓட்டத்தின்போது ஆபத்தில்லை. ஆனால் தவலை வற்றினாலோ அடுப்புச் சுடர் பக்கவாட்டில் ஏறி மூடியைத் தொட்டாலோ ஒட்டு இளகும். சுடர் தவலையின் அடிப்பாகத்துக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும்.

சுருள் குழாய்

1. குழாயிலிருந்து 70 செ.மீ. வெட்டித் தனியே வையுங்கள். அது கூம்பின் உச்சியிலிருந்து சுருளுக்குச் செல்லும் கை.

2. மீதியில் காய்ந்த மெல்லிய மணலை நிரப்பி இரு முனைகளையும் அடையுங்கள். மணல் இல்லாமல் வளைத்தால் குழாய் நசுங்கி மடியும். மடிந்த இடத்தில் ஆவி அடைபடும்.

3. 20 செ.மீ. விட்டமுள்ள ஒரு குழாய்த் துண்டின் மேல் மெதுவாகச் சுற்றுங்கள். நான்கு சுற்றுகள் போதும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடத் தாழ்ந்தே செல்ல வேண்டும். எங்காவது மேலேறினால் அங்கே நீர் தேங்கி ஆவியைத் தடுக்கும்.

4. மணலை முழுவதும் தட்டிக் கொட்டி, தண்ணீர் பாய்ச்சிக் கழுவுங்கள். ஒரு சிறு மணல் கட்டிகூட உள்ளே நிற்கக் கூடாது.

5. சுருளின் மேல்முனையை ஏ.சி. மெக்கானிக்கிடம் கொடுத்து, அதே அளவுக் குழாய் உள்ளே நுழையும்படி விரிக்கச் சொல்லுங்கள். இது சில நிமிட வேலை.

6. வாளியின் அடிப்பக்கம் துளையிட்டுக் கீழ்முனையை வெளியே எடுத்து, ரப்பர் வளையத்தால் அடையுங்கள்.

குளிர்நீர் வாளியின் அடியில் நுழைந்து மேலே வெளியேற வேண்டும். 1 லிட்டர் வடிநீருக்குச் சுமார் 24 லிட்டர் குளிர்நீர் செலவாகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இது 25 பாகையில் நுழைந்து 50 பாகையில் வெளியேறும் நீருக்கான கணக்கு. அதை ஆறவைத்துச் செடிக்கு ஊற்றலாம்.

பொருத்தும் முறை

தவலை, தூண், கூம்பு சேர்ந்தால் உயரம் ஒரு மீட்டரை நெருங்கும். மேடை அடுப்பில் வைக்கக் கூடாது. தரையோடு ஒட்டிய தாழ்வான அடுப்பில் வைத்து, தூணை ஒரு கம்பியால் சுவர்க் கொக்கியோடு தளர்வாகக் கட்டுங்கள். செம்பு இன்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. 1,500 வாட் மின்தட்டு இருந்தால் மிகவும் நல்லது. சுடர் இல்லாததால் தீ அபாயம் குறைகிறது.

இணைப்புகளை அடைக்கச் சித்த மருத்துவர்கள் சீலைமண் (களிமண் தோய்த்த துணி) கட்டுவார்கள். இங்கே கோதுமை மாவே போதும். சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாகப் பிசைந்து, தவலை மூடி, கழுத்து, கூம்பு, குழாய் என்று எல்லா இணைப்பிலும் விரலால் அப்புங்கள். சூட்டில் அது இறுகி ஆவியை நிறுத்தும். ஒருவேளை அழுத்தம் கூடினால் முதலில் மாவுதான் பிய்த்துக்கொண்டு வழிவிடும். இதனாலேயே சிலிகான், எம்-சீல், போல்ட் எதையும் இங்கே பயன்படுத்தக் கூடாது.

சோதனை ஓட்டங்கள்

1. குளிர்ந்த சோதனை: குழாயின் ஒரு முனையில் வாயால் ஊதுங்கள். காற்று தடையின்றி மறுமுனையில் வர வேண்டும். இதை ஒவ்வொரு முறையும் அடுப்பு பற்றவைக்கும் முன் செய்வது கட்டாயம்.

2. நீர் ஓட்டம்: தவலையில் 6 லிட்டர் நீர் மட்டும் விட்டுக் கொதிக்கவையுங்கள். அரை மணி நேரம் எல்லா ஒட்டுகளையும் கவனியுங்கள். ஆவி கசியும் இடத்தைக் கரியால் குறித்து, ஆறியபின் மறுபடி பற்றவையுங்கள்.

3. வினிகர் ஓட்டம்: 5 லிட்டர் நீரில் அரை லிட்டர் வெள்ளை வினிகர் கலந்து ஒரு மணி நேரம் வடியுங்கள். உள்ளே மிஞ்சிய ஃபிளக்ஸையும் களிம்பையும் அது கழுவும். வடிந்தது நீலப்பச்சையாக இருக்கலாம்; அனைத்தையும் கொட்டிவிடுங்கள்.

4. மீண்டும் வெறும் நீரில் ஒரு ஓட்டம். வடிநீர் நிறமின்றி இறங்கினால் கருவி தயார்.

முதல் வடிப்பு: எலுமிச்சைப் புல்

தொடங்க ஏற்றது எலுமிச்சைப் புல்தான். மலிவு, எண்ணெய் எளிதாகப் பிரியும், மணத்திலேயே வெற்றி தோல்வி தெரிந்துவிடும். கேரளத்தின் ஓடக்காலியில் 1951 முதல் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. அங்கே தேர்ந்தெடுத்த ஓ.டி. 19 என்ற ரகம் தென்னிந்தியாவில் பரவலாகப் பயிராகிறது. வீட்டுத் தொட்டியில் வளர்ந்த புல்லும் போதுமானது.

1. 750 கிராம் புல்லை வெட்டி ஓர் இரவு நிழலில் வாடவிடுங்கள். காலையில் 2 முதல் 3 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள்.
2. தவலையில் 6 லிட்டர் நீர். துளைத்தட்டுக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே விரல் நீள இடைவெளியாவது இருக்கட்டும்.
3. தூணில் புல்லைச் சீராக நிரப்புங்கள். அமுக்கித் திணித்தால் ஆவி அடைபடும். ஒரு பக்கம் தளர்ந்தால் ஆவி அந்த வழியே ஓடிவிட, மீதிப் புல் வேகாது. மேலே 5 செ.மீ. காலியிடம் விடுங்கள்.
4. மாவு அப்பி, குளிர்நீரைத் திறந்துவிட்டபின் அடுப்பை ஏற்றுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.
5. முதல் சொட்டு விழுந்ததும் சூட்டைக் குறையுங்கள். மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் வடிந்தால் சரியான வேகம். வடிநீர் கைக்கு இளஞ்சூடாக இருக்க வேண்டும்; முனையில் ஆவி தெரிந்தால் உடனே சூட்டைத் தணியுங்கள்.
6. ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் எண்ணெய் பெரும்பாலும் வந்துவிடும். தவலையில் 2 லிட்டர் நீர் மிச்சமிருக்கும்போதே நிறுத்துங்கள்.
7. வடிநீரைப் பிரிபுனலில் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். வெளிர்மஞ்சள் எண்ணெய் மேலே மிதக்கும். கீழுள்ள நீரை மெல்ல இறக்கிவிட்டு எண்ணெயைக் குப்பியில் எடுங்கள்.

பச்சைப் புல்லில் எண்ணெய் 0.3 முதல் 0.5 சதவீதம் வரை இருக்கும். எனவே 750 கிராமுக்கு 2 முதல் 4 மி.லி. கிடைத்தால் நல்ல வடிப்பு. மணநீர் ஒரு லிட்டருக்கு மேல் கிடைக்கும்.

அடிக்கடி நேரும் தவறுகள்

- வேகமாகக் காய்ச்சுவது. கொதிநீர் தெறித்துத் தூணில் ஏறும். வடிநீர் கலங்கி, கருகிய வாடை வீசும்.
- வடிகுழாயின் முனையைச் சேகரிக்கும் கலத்து நீரில் மூழ்கவிடுவது. அடுப்பு அணைந்ததும் தவலை குளிர்ந்து வெற்றிடமாகும். வடிந்த நீரையெல்லாம் பின்னோக்கி உறிஞ்சிவிடும். முனை எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.
- இலவங்க இலை, கிராம்பு எண்ணெயை மேலே தேடுவது. அவை நீரைவிடக் கனமானவை, அடியில் தங்கும்.
- ஈரத்தோடு மூடி வைப்பது. மறுமுறை திறக்கும்போது களிம்பு பூத்திருக்கும். புளியும் உப்பும் தேய்த்துக் கழுவி, இணைப்புகளைப் பிரித்துக் காயவைத்தே எடுத்து வையுங்கள்.

பாதுகாப்பு விதிகள்

காற்றோட்டமான இடத்தில் மட்டும் வடியுங்கள். தாவர எண்ணெயின் ஆவி தீப்பற்றும். எனவே சேகரிக்கும் கலம் அடுப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஓட்டம் நடக்கும்போது இடத்தை விட்டு நகரக் கூடாது. குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் அருகில் வேண்டாம். சொட்டு திடீரென நின்று கொதிக்கும் ஓசை மட்டும் கேட்டால் வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள்: அடுப்பை அணைத்து விலகி நில்லுங்கள், முழுதும் ஆறும்வரை எதையும் திறக்காதீர்கள்.

இப்படி வடித்த எண்ணெயை உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது. குறிப்பாக, தைல எண்ணெய் சில மி.லி. வயிற்றுக்குள் போனாலே குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். தோலில் தடவுவதானாலும் தேங்காய் எண்ணெயில் கலந்து நன்கு நீர்க்கச் செய்து, கையில் சிறு இடத்தில் சோதித்த பிறகே. மணநீரைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரங்களுக்குள் பயன்படுத்துங்கள்; நீலம் அல்லது பச்சை சாயல் தெரிந்தால் செம்பு கலந்திருக்கிறது, கொட்டிவிடுங்கள்.

அடுத்து என்ன வடிக்கலாம்?

எலுமிச்சைப் புல் கைவந்ததும் தைல இலை, துளசி, ஓமம் என்று போகலாம். வெட்டிவேருக்கு ஒரு நாள் முழுவதும், சில சமயம் அதற்கு மேலும் ஆவி செலுத்த வேண்டும். இடையே நீர் சேர்க்க வழியில்லாத இந்தச் சிறு தவலைக்கு அது ஒத்துவராது. ரோஜாவில் 1 கிலோ எண்ணெய்க்கு 3,000 முதல் 4,000 கிலோ பூ தேவைப்படும் என்பதால் வீட்டில் எண்ணெய் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஒரு கிலோவுக்கும் குறைவான நாட்டுப் பன்னீர் ரோஜாவைத் தளர்வாக நிரப்பி, மெல்லிய சூட்டில் முதல் அரை லிட்டரை மட்டும் எடுங்கள். மணக்கும் நல்ல பன்னீர் கிடைக்கும்.